சுவிஸ் ட்ரிப்ல சாப்பாட்டுச் செலவு: மிக்ரோஸ், கோ-ஆப் ரெண்டு கடையும் எப்படி?

சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் போட்டுட்டு சாப்பாட்டுச் செலவ நெனச்சு பயந்துட்டு இருக்கவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். அப்பா, அம்மா, ஒய்ஃப், பொண்ணுன்னு குடும்பமா போயிட்டு வந்தோம். அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது, பொண்ணுக்கு ராத்திரி தயிர் சாதம் வேணும், அப்பாவுக்கு சுகர் இருக்கறதால நேரத்துக்கு சாப்பிட்டே ஆகணும். இப்படி ஒரு குடும்பத்தக் கூட்டிட்டு உலகத்துலயே சாப்பாடு விலை ஜாஸ்தியான நாடுகள்ல ஒண்ணுக்குப் போய், பட்ஜெட்டும் தாண்டாம யாரும் வயித்தக் காயப்போடாம திரும்பி வந்தோம்னா அதுக்கு ரெண்டு சூப்பர் மார்க்கெட்தான் காரணம். மிக்ரோஸ், கோ-ஆப். ஊரு ஊரா இந்த ரெண்டுலயும்தான் ஏறி இறங்குனோம், அதனால மனசார ஒரு ரிவ்யூ.

மொதல்ல விலை நிலவரம். சாதாரண ரெஸ்டாரண்ட்ல உக்காந்து ஒரு மெயின் ஐட்டம் வாங்குனா 25லருந்து 35 பிராங்க் ஆகும். ஒரு பிராங்க் இப்ப நூறு ரூபாய்க்கு மேல. அஞ்சு பேர் ஒரு வேளை உக்காந்து எந்திரிச்சா பதினஞ்சாயிரம் பக்கம் போயிடும், அதுல காபி ஜூஸ்லாம் சேக்கல. ஏன் இவ்ளோன்னா அங்க வேலை செய்யறவங்களுக்கு சம்பளம் அதிகம், நீங்க உக்காந்து சாப்பிடற தட்டுக்குள்ள சமைக்கிறவர் சம்பளம், கொண்டு வந்து வைக்கிறவர் சம்பளம், வாடகை எல்லாம் இருக்கு. வரியும் அப்படித்தான், ரெஸ்டாரண்ட்ல உக்காந்து சாப்பிட்டா 8.1 சதவீதம் வாட், அதே சாப்பாட்டுப் பொருள கடையில வாங்கிட்டு வந்தா 2.6 சதவீதம்தான் (2024லருந்து இந்த ரேட்). அதனால அங்க மிச்சம் பிடிக்கணும்னா சாப்பாட்டக் குறைக்க வேண்டாம், உக்கார்ற எடத்த மாத்துனா போதும். ரொட்டி, பால், தயிர், பழம், சீஸ் இதெல்லாம் கடையில வாங்கும்போது நம்மளால தாங்கக்கூடிய விலைதான், சில ஐட்டம்லாம் இவ்ளோதானான்னு இருக்கும். அரை கிலோ சாதா ரொட்டி ஒரு பிராங்க் சுமாருக்கே கிடைக்குது, அதுவும் அன்னன்னைக்கு சுட்டது.

இன்னொன்னு சொல்லணும், அந்த ஊர்க்காரங்களே இப்படித்தான் சாப்பிடறாங்க. மத்தியானம் ஆபீஸ் டிரஸ்ல இருக்கவங்க சூப்பர் மார்க்கெட்ல ஒரு சாலட், ஒரு ரொட்டி வாங்கிட்டு ஏரிக்கரையில உக்காந்து சாப்பிடறத எல்லா ஊர்லயும் பாக்கலாம், ட்ரெயின்ல பொட்டலத்தப் பிரிச்சு சாப்பிடறதும் ரொம்ப சகஜம், யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. அதனால "வெளிநாடு போயி கடையில ரொட்டி வாங்கித் திங்கறதா"ன்னு சொந்தக்காரங்க யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

மிக்ரோஸ் பத்தி முதல்ல. ஆரஞ்சு கலர்ல பெரிய எம் எழுத்து போட்டிருக்கும். ஒரு எம் இருந்தா சின்னக் கடை, ரெண்டு எம் இருந்தா நடுத்தரம், மூணு எம் போட்டிருந்தா பெரிய கடை, அங்கதான் பெரும்பாலும் செல்ஃப் சர்வீஸ் ரெஸ்டாரண்டும் சேந்து இருக்கும். இத தெரிஞ்சு வெச்சுக்கிட்டா மேப்ல கூட பாக்க வேண்டாம், போர்டப் பாத்தே உள்ள என்ன இருக்கும்னு புரிஞ்சிடும். இந்தக் கடையோட கதை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. 1925ல காட்லீப் டுட்வைலர்னு ஒருத்தர் சூரிச்ல அஞ்சு ஃபோர்டு வண்டிய வெச்சுத் தெருத்தெருவா வித்து ஆரம்பிச்சது. மொத்தம் ஆறே ஆறு பொருள், காபி, அரிசி, சர்க்கரை, பாஸ்தா, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு. நடுவுல இருக்கற யாவாரிங்கள ஒதுக்கிட்டு நேரா வண்டியிலயே கொண்டு போனதால விலை குறைவு. அப்புறம் 1941ல கம்பெனிய கூட்டுறவா மாத்தி வாடிக்கையாளருங்களுக்கே குடுத்துட்டார். கடையில சாராயம், சிகரெட் விக்கறதில்லைன்னு அவர் காலத்துலருந்தே வர்ற பழக்கம், 2022ல சாராயத்த மட்டும் விக்கலாமான்னு உறுப்பினர்கள்கிட்ட ஓட்டு எடுத்தப்பகூட பத்து ஏரியா கூட்டுறவுலயும் வேண்டாம்னுட்டாங்க. வயசான அப்பா அம்மாவோட போறவங்களுக்கு இது ஒரு நிம்மதி, எங்கம்மா அந்தக் கடைன்னா தைரியமா தனியாவே உள்ள போய் சுத்திட்டு வருவாங்க.

மிக்ரோஸ்ல நீங்க தேட வேண்டியது எம்-பட்ஜெட்னு ஒரு வரிசை. பச்சை கலர் பேக்கிங், மேல பூரா எம்-பட்ஜெட்னு திரும்பத் திரும்ப எழுதியிருக்கும், எந்த ஷெல்ஃப்ல இருந்தாலும் கண்ணுல பட்டுடும். பால், தயிர், அரிசி, வெண்ணெய், ஜாம், சிப்ஸ், சாக்லேட்னு எல்லாத்துலயும் இந்த வரிசை உண்டு. விலை கம்மின்னா தரம் கம்மியா இருக்குமோன்னு யோசிக்க வேண்டாம், வெறும் தயிரும் பாலும் எங்க வீட்டு ஆளுங்களுக்கு ரொம்பவே பிடிச்சுது. தயிர் வாங்கும்போது மட்டும் "நேச்சர்"னு எழுதியிருக்கறதப் பாத்து எடுங்க. மத்ததெல்லாம் பழம், காபி, வெனிலான்னு இனிப்பு போட்டது, ஷெல்ஃப்ல அதுதான் அதிகமா அடுக்கியிருப்பாங்க, அவசரத்துல கை அதுக்குத்தான் போகும். நம்ம ஊர் தயிர் புளிப்பு இருக்காது, கொஞ்சம் கெட்டியா மைல்டா இருக்கும், தயிர் சாதத்துக்கு அருமை.

காய் பழம் வாங்கறப்ப ஒரு விஷயம். நெறைய கிளைங்கள்ல நாமளே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டணும். விலைப் பலகையில ஒரு நம்பர் இருக்கும், பக்கத்துல மெஷின் இருக்கும், தட்டுல வெச்சு அந்த நம்பர அமுக்குனா ஸ்டிக்கர் வரும். இத செய்யாம பில் கவுன்ட்டருக்குப் போனா பின்னாடி க்யூ நிக்கறப்ப திரும்ப ஓடணும். கேரி பேக்குக்கும் காசு, அதனால ஊர்லருந்தே மடிச்சு வெக்கிற துணிப்பை ரெண்டு எடுத்துட்டுப் போயிடுங்க, ட்ரிப் பூரா அது கைவிட்டுப் போகாது.

கடை மூடற நேரம் நெருங்க நெருங்க அன்னன்னைக்கு முடியற ஐட்டம் மேல 25 சதவீதம், 50 சதவீதம்னு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. சாலட், சாண்ட்விச், நறுக்குன பழம், ரெடிமேட் பாஸ்தா இப்படி. சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரத்துல போனா நல்ல வேட்டை. கெட்டுப்போனது கிடையாது, தேதி முடியறதால தள்ளுபடி, அன்னைக்கு ராத்திரியே சாப்பிட்டுட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா இத நம்பியே ராத்திரி சாப்பாட்ட விட்டுடக் கூடாது, சில நாள் ஷெல்ஃபே காலியா இருக்கும்.

மிக்ரோஸ் ரெஸ்டாரண்ட் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா வெளியூர்க்காரங்க பாதிப் பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல. கேன்டீன் மாதிரி, ட்ரேய எடுத்துட்டு வரிசையா போகணும், சூடான ஐட்டம் தனி, சாலட் பஃபே தனி, கடைசியில காசு கட்டிட்டு உக்காரலாம். பஃபே பல கிளைங்கள்ல எடைக்குத்தான் காசு. அதனால நம்ம ஊர் பஃபே நெனப்புல தட்டு நிறைய அள்ளுனா பில்லு ஏறும், உருளைக்கிழங்கு மாதிரி கனமான ஐட்டத்த கம்மியா எடுத்து வறுத்த காய், பீன்ஸ், சாதம்னு வெச்சா நல்லா வயிறு நிறையும். வெளிய குடுக்கற காசுல பாதி ஆச்சுன்னு வெச்சுக்கங்க. சூடா, உக்காந்து, பாத்ரூம் வசதியோட, குழந்தைங்களுக்கு உயர நாற்காலியோட ஒரு வேளை சாப்பிடணும்னா இதுதான் என்னோட முதல் சாய்ஸ். இன்டர்லாகன் வெஸ்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல இருக்கற மிக்ரோஸ்ல இந்த வசதி இருக்கு, ஜூங்ஃப்ராவ் மலைப் பக்கம் தங்கறவங்களுக்கு கை குடுக்கும். கோ-ஆப்புக்கும் இதே மாதிரி ரெஸ்டாரண்ட் பெரிய கிளைங்கள்ல உண்டு.

இப்ப கோ-ஆப். இதுவும் கூட்டுறவுதான். விலையில ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, ஒரு நாள் இது கம்மி, ஒரு நாள் அது கம்மி, ஆஃபர் பொறுத்து மாறும். ஆனா மலை ஊருங்கள்ல கோ-ஆப்தான் கை குடுக்கும். இன்டர்லாகன் ஓஸ்ட் ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எதிர்லயே கோ-ஆப், செர்மாட் ஸ்டேஷனுக்கு எதிர்லயும் உண்டு, கிரிண்டல்வால்ட்ல மெயின் ரோட்டுலயே இருக்கு, லவுட்டர்ப்ரன்னன்லயும் சின்னதா ஒண்ணு இருக்கு. காலைல மலை ரயில் ஏறறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உள்ள போயிட்டு வந்தா மத்தியான சாப்பாடு பையில ரெடி. இங்க மலிவு வரிசைக்குப் பேரு பிரி கரான்டி. சைவத்துக்குன்னே கர்மான்னு தனி பிராண்டே வெச்சிருக்காங்க, சாலட், ஹம்முஸ், காய் போட்ட ரோல், டோஃபு எல்லாம் அதுல வருது. அம்மாவுக்கு எதக் குடுக்கலாம் எதக் குடுக்கக் கூடாதுன்னு லேபிள் படிச்சுப் படிச்சு கண்ணு வலிக்கிற நேரத்துல அந்த ஒரு பேரப் பாத்து எடுத்து, முட்டை இல்லன்னு மட்டும் பாத்துட்டு வந்துடலாம்.

சைவம்னு சொன்னதும் கொஞ்சம் விரிவா சொல்லிடறேன், நம்மாளுங்க நெறையப் பேருக்கு இதுதான் பெரிய கவலை. வி எழுத்து இலை மாதிரி வளைஞ்சு நிக்கிற ஒரு லேபிள் ரெண்டு கடையிலயும் நெறைய பொருள் மேல இருக்கும், கீழ வெஜிடேரியன் இல்லன்னா வீகன்னு எழுதியிருக்கும். வெஜிடேரியன்னா அங்க முட்டை சேத்திருக்கலாம், வீகன்னா முட்டை பால் ரெண்டும் இல்ல. முட்டை சாப்பிடாதவங்க வீகன் லேபிள் பாத்து எடுத்தா குழப்பமே இல்ல. பேக்கிங் மேல ஜெர்மன், பிரெஞ்ச், இத்தாலியன்னு மூணு பாஷையில எழுதியிருக்கறதால போன்ல கேமராவ காட்டி மொழிபெயர்த்துப் பாத்துடலாம். சீஸ்ல ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. புகழ்பெத்த க்ரூயேர் சீஸ் பாரம்பரிய முறைப்படி கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்கற ரெனட் போட்டு உறைய வைக்கிறது. இதப் பாக்கறவங்க வி லேபிள் போட்ட சீஸ் மட்டும் வாங்குங்க, அதுவும் வேணுங்கற அளவு இருக்கு. அப்புறம் ஜெல்லி மிட்டாய், சில டெசர்ட் இதுலயெல்லாம் ஜெலட்டின் இருக்கும். பின்னல் மாதிரி மினுமினுன்னு சாப்ஃப்னு ஒரு ரொட்டி வரும், மேல முட்டை தடவித்தான் அந்தப் பளபளப்பே, முட்டை வேண்டாம்னா அத விட்டுட்டு கொஞ்சம் பழுப்பா இருக்கற ரூக்ப்ரோட் எடுங்க, ரெண்டு நாள் ஆனாலும் நல்லா இருக்கும்.

அசைவக்காரங்களுக்கு கவலையே கிடையாது, ரெண்டு கடையிலயும் முழுசா சுட்ட கோழி சூடா விக்கிறாங்க, ரொட்டியும் ஒரு பாக்கெட் சாலட்டும் சேத்தா மூணு பேர் தாராளமா சாப்பிடலாம். மாடு, பன்னி வேண்டாம்னு நெனக்கிறவங்க "பூலே"ன்னு கேட்டா கோழி, அதுபோதும்.

சரி, ரூம்ல சமையல். ஹோட்டல் ரூம்ல எலக்ட்ரிக் குக்கர வெச்சு தாளிக்கறதெல்லாம் வேண்டவே வேண்டாம், பெரும்பாலான எடத்துல அனுமதி கிடையாது, புகை அலாரம் அடிச்சா எல்லாரும் ரோட்டுல நிக்கணும். நாலு பேருக்கு மேல போறீங்கன்னா கிச்சன் இருக்கற அபார்ட்மென்ட் புக் பண்ணுங்க, இல்லன்னா பொது கிச்சன் இருக்கற ஹாஸ்டல். ரூம் வாடகை கொஞ்சம் கூடுனாலும் ராத்திரி சாப்பாட்டுல அது திரும்பி வந்துடும். ஒரு விஷயம் கவனிங்க, அங்க அடுப்பு நெறைய எடத்துல கண்ணாடி டாப் இல்லன்னா இண்டக்ஷன், நம்ம அலுமினியம் குக்கர தூக்கிட்டுப் போனா இண்டக்ஷன்ல சூடே ஆகாது. குக்கரே தேவையில்லங்கறது என் கருத்து. மைசூர் பருப்பு ரெண்டு கடையிலயும் கிடைக்குது, அது குக்கர் இல்லாமயே சீக்கிரம் வெந்துடும், தக்காளி போட்டு, ஊர்லருந்து கொண்டு போன சாம்பார் பொடிய ரெண்டு ஸ்பூன் போட்டா போதும். பாஸ்மதி அரிசி, டின்ல வேகவெச்ச கொண்டக்கடலை, ராஜ்மா, ஃப்ரோசன் பட்டாணி, ஃப்ரோசன் கீரை எல்லாமே உண்டு. எங்க குடும்பத்துக்கு இப்படி சமைச்ச ராத்திரி சாப்பாடு முப்பது பிராங்க்குக்குள்ள அடங்கிடுச்சு, அதுல மறுநாள் காலைக்கு ரொட்டியும் பாலும் கூட சேந்துரும்.

கிச்சன் இல்ல, வெறும் கெட்டில்தான் இருக்குன்னா கஸ்கஸ் வாங்குங்க (நம்ம பாயசத்துல போடற கசகசா இல்ல, கோதுமை ரவை மாதிரி இருக்கும்). ஒரு பாத்திரத்துல போட்டு கொதிக்கிற தண்ணிய ஊத்தி அஞ்சு நிமிஷம் மூடி வெச்சா தானா மலர்ந்துடும், கொஞ்சம் வெண்ணெய், உப்பு, மேல பருப்புப் பொடியோ எலுமிச்சை ஊறுகாயோ போட்டா உப்புமாவுக்குப் பக்கத்துல வந்துடும், அதுலயே தயிரக் கலந்து குடுத்தா பொண்ணு மறுபேச்சு இல்லாம சாப்பிட்டா. சின்ன கெட்டில் ஒண்ணு ஊர்லருந்தே எடுத்துட்டுப் போங்க, எல்லா ஹோட்டல்லயும் இருக்கும்னு சொல்ல முடியாது. நம்ம மூணு பின் பிளக் அங்க சேராது, அடாப்டர் வேணும்.

ஊர்லருந்து என்ன கொண்டு போகலாம்னு நெறையப் பேரு கேக்கறாங்க. பொடி, ஊறுகாய், காபித் தூள், புளிக்காய்ச்சல், ரெடி டு ஈட் பாக்கெட் கொஞ்சம், இது போதும். ஒரு பெட்டி பூரா சாப்பாட்டத் தூக்கிட்டுப் போக வேண்டாம், மலை ரயில் ஏறி இறங்கும்போது அந்தப் பெட்டியத் தூக்கப் போறது நீங்கதான். முக்கியமா, ஐரோப்பாவுக்கு வெளியருந்து வர்றவங்க பால் பொருள், இறைச்சி சுவிஸ்க்குள்ள கொண்டு போக அனுமதி இல்ல, அதுல நெய்யும் வருது. பச்சைக் காய்கறி, பழம், கறிவேப்பிலை இதுக்கும் சான்றிதழ் இல்லாம அனுமதி கிடையாது. பாட்டி ஆசையா கட்டிக் குடுத்தாங்கன்னாலும் அத ஊர்லயே வெச்சுட்டுப் போங்க.

இந்த ரெண்டு கடையிலயும் இருக்கற பெரிய சிக்கல் நேரம். இத சாதாரணமா எடுத்துக்காதீங்க. நம்ம ஊர்ல ராத்திரி பத்து மணிக்கும் அண்ணாச்சி கடை திறந்திருக்கும், அங்க சின்ன ஊருங்கள்ல ஆறரை ஏழு மணிக்கே ஷட்டர் இறங்கிடும், சனிக்கிழமை அதுக்கும் முன்னாடி. ஞாயித்துக்கிழமை நாடே மூடியிருக்கும், பெரிய ரயில் ஸ்டேஷனுக்குள்ள, ஏர்போர்ட்ல இருக்கற கடைங்க, அப்புறம் சுற்றுலா ஊருங்கள்ல சிலது மட்டும் திறந்திருக்கும். சூரிச் மெயின் ஸ்டேஷனுக்குக் கீழ ரெண்டு கடையும் ஞாயித்துக்கிழமையும் உண்டு, கூட்டம் அள்ளும், ஆனா கிடைச்சுடும். பெட்ரோல் பங்க்லயும் ஸ்டேஷன்லயும் கோ-ஆப் ப்ரோன்டோ, மிக்ரோலினோன்னு குட்டிக் கடைங்க இருக்கும், ரொம்ப நேரம் திறந்திருக்கும், ஆனா விலை கொஞ்சம் கூட, அவசரத்துக்கு மட்டும் வெச்சுக்கங்க. பெர்ன்ல ஒரு ஈழத் தமிழ்க் கடையில மசாலா வாங்கப் போனப்ப கல்லாவுல இருந்த அண்ணன் நாங்க ஊர் சுத்த வந்திருக்கோம்னு தெரிஞ்சதும் மொத வேலையா இததான் சொன்னார், "தம்பி, நாளைக்கு ஞாயிறு, எல்லாம் பூட்டு. பிள்ளைக்குப் பால் தயிர் இண்டைக்கே வாங்கி வையுங்கோ." அவர் சொன்னதக் கேட்டு அப்பவே போய் வாங்குனோம், மறுநாள் எங்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்ல.

அந்தக் கடைங்களப் பத்தியும் சொல்லணும். 1980கள்லருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் சுவிஸ்ல ஆயிரக்கணக்குல இருக்காங்க, சூரிச், பெர்ன், பாசல் மாதிரி ஊருங்கள்ல அவங்க கடை இருக்கு. தோசை மா, கறிவேப்பிலை, பச்ச மிளகா, முருங்கைக்காய், இடியப்ப மா எல்லாம் அங்க கிடைக்கும், சில எடத்துல கொத்து ரொட்டி, ரோல்ஸ் பார்சல் வாங்கலாம், வெளிய சாப்பிடறத விட ரொம்பக் கம்மி, வயிறும் மனசும் நிறையும். பெர்ன்ல யூரோப்பாபிளாட்ஸ்ல மதங்களின் இல்லம்னு ஒரு கட்டடம் 2014ல திறந்தாங்க, ஒரே கூரைக்குக் கீழ சிவன் கோயில், மசூதி, சர்ச், புத்த வழிபாட்டு எடம் எல்லாம் இருக்கு, அங்கயே சைவ சாப்பாடும் உண்டு. அம்மா அங்க சாமி கும்பிட்டுட்டு சாதம் சாப்பிட்டப்பதான் அந்த ட்ரிப்லயே முழுசா சந்தோஷமா இருந்தாங்கன்னு நெனக்கிறேன். வேற நாட்டுல வந்து ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சவங்க நமக்காக கறிவேப்பிலை வெச்சிருக்காங்க, பெர்ன் பக்கம் போனா அவங்ககிட்ட வாங்குங்க.

மலை உச்சி சாப்பாடு. ஜூங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரம், அங்க பாலிவுட்னு இந்தியன் பஃபே ரெஸ்டாரண்டே இருக்கு. மேல கொண்டு போற ஒவ்வொரு பொருளும் ரயில்லதான் ஏறிப் போகணும், அதனால விலையும் ஏறத்தான் செய்யும், அத குத்தம் சொல்ல முடியாது. டூர் பேக்கேஜ்ல சேந்து வந்தா சாப்பிடுங்க. தனியாப் போறவங்க கீழ கோ-ஆப்லயே ரொட்டி, சீஸ், வாழைப்பழம், நட்ஸ் வாங்கிப் பையில வெச்சுட்டுப் போயிடலாம், ரெஸ்டாரண்ட்டுக்குள்ள மட்டும் நம்ம டப்பாவத் திறக்கக் கூடாது, ரயில்லயே சாப்பிட்டுக்கலாம். ஃப்ளாஸ்க்ல வெந்நீர் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க, அந்தக் குளிர்ல வயசானவங்களுக்கு ஒரு கப் சூடா வேணும். சிப்ஸ் பாக்கெட் மேல போகப் போக பலூன் மாதிரி உப்பும், வெளிய காத்தழுத்தம் குறையறதால, பயப்பட ஒண்ணுமில்ல, பொண்ணு அதப் பாத்துக்கிட்டே வந்தா.

தண்ணி காசு குடுத்து வாங்கவே வேண்டாம். குழாய்த் தண்ணி அப்படியே குடிக்கலாம், சூரிச்ல மட்டும் 1,200க்கு மேல நீரூத்துத் தொட்டிங்க இருக்கு, "குடிக்க ஆகாது"ன்னு போர்டு போடாத எல்லாத்துலயும் பாட்டில் பிடிச்சுக்கலாம். ஜில்லுனு, அவ்ளோ சுத்தமா இருக்கும். அஞ்சு பேருக்கு ஒரு நாளைக்கு பாட்டில் தண்ணி வாங்குனா ஒரு வேளை சாப்பாட்டுக் காசு அதுலயே போயிருக்கும்.

குறைன்னு பாத்தா, பொதுவா சூப்பர் மார்க்கெட் சாண்ட்விச் நம்ம நாக்குக்கு சுமார்தான். எந்தக் கடையா இருந்தாலும் ஜில்லுனு, மயோனைஸ் நெறைய, சைவத்துல வெரைட்டி கம்மி, விலையும் ரொட்டி சீஸ் தனியா வாங்கறத விட ரெண்டு மூணு மடங்கு. ரெடிமேட் "இந்தியன் கறி" பாக்கெட்டும் அப்படித்தான், தித்திப்பா இருக்கும், காரம் தேடணும், அந்தக் காசுக்கு தக்காளியும் பருப்பும் வாங்கிடலாம். ஆல்டி, லீடில், டென்னர்னு இருக்கற மத்த சூப்பர் மார்க்கெட் எல்லாம் இன்னும் மலிவுதான், ஆனா பல ஊருங்கள்ல ஸ்டேஷன விட்டுத் தள்ளி இருக்கும், கார் எடுத்து சுத்தறவங்களுக்கு சரி, ரயில் பாஸ்ல போறவங்களுக்கு அலைச்சல்.

பழத்துல மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீங்க. ஜூலை ஆகஸ்ட்ல போனா வாலிஸ் மாகாணத்து ஆப்ரிகாட் வரும், மே ஜூன்ல ஸ்ட்ராபெர்ரி, அப்புறம் செர்ரி. அந்த ருசிய நம்ம ஊர்ல எவ்ளோ காசு குடுத்தாலும் வாங்க முடியாது. ரிவெல்லான்னு ஒரு பானம் இருக்கு, மோர்த்தெளிவுலருந்து செய்யறது, 1952லருந்து வருது, சோடா மாதிரி இருக்கும், அப்பாவுக்கு சக்கரை கம்மியா இருக்கற நீல லேபிள் வாங்குனோம், ஒரு தடவையாவது குடிச்சுப் பாருங்க.

ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னா, தங்கற ஊர் டவுனா இருந்தா மிக்ரோஸ், சூடான சாப்பாடு கிடைக்கறதுக்காக. மலைப் பக்கமா இருந்தா கோ-ஆப், ஸ்டேஷன் வாசல்ல இருக்கறதுக்காக. ரெண்டு கடைக்குமே என் பக்கம் அஞ்சுக்கு நாலரை, அந்த அரை குறைச்சது மூடற நேரத்துக்காக. இப்படி மிச்சம் பிடிச்ச காசுல ஒரு நாள் நல்ல ரெஸ்டாரண்ட்ல உக்காந்து எல்லாருமா ரோஸ்டி சாப்பிட்டோம், உருளைக்கிழங்கத் துருவி வெண்ணெய்ல மொறுமொறுன்னு சுடறது, பன்னிக்கறி இல்லாம கேட்டு வாங்கிக்கணும். அம்மா ரெண்டாவது தடவை கேட்டு வாங்குனாங்க.

கடைசியா சாக்லேட். நினைவுப் பொருள் கடையில பொம்மை டப்பாவுல வாங்காதீங்க. ஃப்ரைன்னு மிக்ரோஸோட சொந்த சாக்லேட் 1887லருந்து இருக்கற பிராண்ட், விலை கம்மி, ருசி அருமை, ஆபீஸ்க்கும் சொந்தக்காரங்களுக்கும் மொத்தமா வாங்க இதுதான் சரி. லிண்ட் மாதிரி பெரிய பிராண்டும் ரெண்டு கடையிலயும் அடிக்கடி ஆஃபர்ல வரும். ஊர் சுத்தறப்ப வாங்க மறந்துட்டாலும் சூரிச் ஏர்போர்ட்ல செக்யூரிட்டிக்கு முன்னாடியே மிக்ரோஸ், கோ-ஆப் ரெண்டும் இருக்கு, ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். ரொட்டில தடவுற சாக்லேட் க்ரீம் பாட்டில மட்டும் செக்-இன் பெட்டியில போட்டுடுங்க, கைப்பையில வெச்சா திரவம்னு எடுத்து வெச்சுடுவாங்க.